நான் மாசமாயிருந்த காலம்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை நான் மாசமாக இருந்தேன். சிரிக்க வேண்டாம், ஊரே ஒத்துக்கொண்ட விஷயம் அது. தாடி வளர்த்தேன். உயரமான இடத்தில் ஏறவில்லை. கனமான சாமான் எதையும் தூக்கவில்லை. வெயில் ஆகாது என்று முதலாளியே ஒரு குடையும் கொடுத்தார். வயிற்றில் பிள்ளையைச் சுமந்தது மட்டும் என் மனைவி. அதற்குச் சேர வேண்டிய சௌகரியங்களையெல்லாம் நான் எடுத்துக்கொண்டேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. காரைக்குடிக்கு ரயில் வந்த புதிது. பர்மாவிலிருந்து திரும்பியிருந்த ஒரு செட்டியார் அரியக்குடிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருந்தார். வீடு என்றால் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற வீடு. மூன்று வருஷமாகக் கட்டுகிறார்கள், பாதிதான் முடிந்திருந்தது. பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையில் இரண்டு முறை தோற்றுவிட்டு வீட்டில் வெட்டியாகக் கிடந்த என்னை, என் அப்பா கையைக் காலைப் பிடித்து அங்கே மேற்பார்வை வேலையில் சேர்த்துவிட்டார். மேற்பார்வை என்பது வேறொன்றுமில்லை. மற்றவர்கள் உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டு நான் நிற்க வேண்டும், அவ்வளவுதான். இந்த வேலைக்காக ரயிலடிக் கடையில் ஒரு விசில் வாங்கி, கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். மாப்பிள்ளை சங்கிலி போட்டுக்கொண்ட மாதிரி அடிக்கடி அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

வேலையில் சேர்ந்த சில மாதத்தில் என் மனைவி முழுகாமல் இருந்தாள். எங்கள் பக்கத்தில் மனைவி மாசமாக இருந்தால் கணவன் சவரம் செய்துகொள்ள மாட்டான், மலை ஏற மாட்டான், புது வீட்டுக்கு நிலை வைக்கும்போது அதில் கை வைக்க மாட்டான். செட்டியார் இதிலெல்லாம் மிகவும் கண்டிப்பானவர். என் முகத்தில் முள்ளு முள்ளாகத் தாடி தெரிந்த அன்றே என்னைக் கூப்பிட்டார்.

"ஏப்பா, சம்சாரம் மாசமா இருக்காளாக்கும்? நல்லது, நல்லது. இனிமே சாரத்துல ஏறாத. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது? கீழயே நெழல்ல நில்லு. இந்தா, இந்தக் கொடைய வச்சுக்க."

சரிங்க ஐயா என்று வாங்கிக்கொண்டேன். ரங்கூன் குடை, கைப்பிடியில் வாத்துத் தலை. அப்போதே, அதே மூச்சில், அவர் இன்னொன்றும் சொன்னார்.

"அப்பறம், சித்தாளுகள்ல எவளாச்சும் மாசமா இருக்கான்னு தெரிஞ்சா அன்னைக்கே நிறுத்திரு. கட்டுற வீட்டுல ஏதாச்சும் ஏடாகூடமா ஆச்சுன்னா வீட்டுக்கு ஆகாது."

அதற்கும் சரிங்க ஐயா என்றேன். இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் தலையாட்டினேன். இரண்டு சேதிக்கும் நடுவில் ஏதோ இடிக்கிறதே என்று என் மண்டையில் ஒரு பல்லி கூடக் கத்தவில்லை.

சித்தாள்கள் பதினோரு பேர். காளைகள் கல்லுருளையை இழுத்து அரைத்துப் போடுகிற சுண்ணாம்புச் சாந்தை இரும்புச் சட்டியில் அள்ளி, தலையில் வைத்து, சாய்வாகப் போட்ட பலகை வழியே மேலே ஏறிக் கொத்தனாரிடம் சேர்ப்பது அவர்கள் வேலை. அவர்களில் மூத்தவளை எல்லோரும் பெரியாள் என்று கூப்பிடுவார்கள். முன்பல் ஒன்று கிடையாது, ஆனால் வாய்க்கு அது ஒரு குறையாகவே இல்லை. தினமும் காலையில் என்னைக் கண்டதும் விசாரிப்பாள்.

"என்ன தம்பி, வீட்ல வாந்தி நின்னுருச்சா?"

நானே வாந்தி எடுத்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு விவரம் சொல்வேன். நேற்று ரசம் தங்கியது, இன்று காலை கஞ்சி தங்கவில்லை, கால் லேசாக வீங்குகிறது.

"இப்ப எத்தன மாசம்?"

"நாலு முடிஞ்சு அஞ்சு."

"ஆத்தாடி! பாத்து இருக்கச் சொல்லுங்க. கனம் தூக்க விட்ராதீக."

மற்ற பெண்களும் சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பார்கள். அதிலும் ஒருத்தி, ஒல்லியாக, கறுப்பாக, வாயே திறக்காதவள், நான் பேச ஆரம்பித்தால் பக்கத்தில் வந்து நின்றுகொள்வாள். என் பேச்சில் அவளுக்கு அவ்வளவு பிடிப்பு என்று நினைத்துக்கொண்டேன். என்ன பிறவியோ நான்! அவளும் நாலு முடிந்து அஞ்சில் இருந்தாள். என் மனைவிக்கு வருவதெல்லாம் தனக்கும் வருகிறதா என்று ஒப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலை நான் கொஞ்சம் தாமதமாக வந்தேன். யாரும் தலையில் சட்டி வைத்துக்கொண்டு ஏறவில்லை. சாந்துக் குவியலிலிருந்து சாரத்தின் மேல்தட்டு வரைக்கும் பதினோரு பேரும் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக நின்று, சட்டியைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டிருந்தார்கள். நிறைசட்டி மேலே போகிறது, வெறுஞ்சட்டி கீழே வருகிறது. ஒருவருக்கொருவர் இடித்துக்கொள்ளவில்லை, பலகையில் யாரும் வழுக்கவில்லை. என்னைக் கேட்காமல் எப்படி என்று முதலில் விசிலை ஊதினேன். பிறகு மேலே நின்ற கொத்தனார், "சாந்து வெரசா வருதுப்பா, விடு," என்று சொன்னதும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டேன்.

செட்டியார் பத்து மணிக்கு வந்தார். வரிசையைப் பார்த்து, "அட, இது யாரு யோசன?" என்று கேட்டார்.

"நான்தாங்க," என்றேன்.

இந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு ஒரு கணம் கூட ஆகவில்லை. வாய் தானாகத் திறந்து சொல்லிவிட்டது. அன்று எனக்கு உள்ளே கூப்பிட்டுப் பலகாரம் கொடுத்தார்கள். வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும். பதினோரு பெண்களின் மூளையை நான் பணியாரத்தோடு சேர்த்து விழுங்கினேன்.

அதோடு விட்டேனா? அக்கம்பக்கத்தில் வீடு கட்டுகிற இடங்களிலிருந்து என்னைப் போன்ற மேற்பார்வைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். குடையை நீட்டி விளக்கம் சொன்னேன். அடுத்த வாரம் பதினோரு பேரும் இடுப்பில் முன்பக்கமாகச் சாக்குத் துணியைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். சுண்ணாம்பு சேலையில் பட்டால் பொத்துப் போகிறது என்று பெரியாள் சொன்னாள். ஆகா என்ன ஒழுங்கு, பட்டாளத்துக்காரர்கள் மாதிரி ஒரே உடுப்பு என்று மகிழ்ந்துபோய், அதையும் என் உத்தரவு என்று செட்டியாரிடம் சேர்த்துவிட்டேன். மண் சுமக்கிற ஆண்களையும் சாக்குக் கட்டச் சொன்னேன். அவர்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

வரிசையில் அந்த ஒல்லிப் பெண் எப்போதும் ஒரே இடத்தில்தான் நிற்பாள். பலகை தொடங்குவதற்கு முன்னால், தரையில், வேப்பமரத்து நிழலில். நிறைசட்டி அவள் கைக்கு வரவே வராது. அவளுக்கு முன்னால் நிற்பவள் எட்டிக் கொடுக்க, பின்னால் நிற்பவள் எட்டி வாங்கிக்கொள்வாள். மேலிருந்து வருகிற வெறுஞ்சட்டி மட்டும் அவள் கை வழியாகப் போகும். நான் வெற்றிலைக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, எல்லோரும் சுதாரிக்கட்டும் என்று தெருமுனையிலேயே விசில் ஊதுவேன். அவர்கள் நன்றாகவே சுதாரித்தார்கள். கவிழ்த்த சட்டி மேல் உட்கார்ந்திருப்பவள் எழுந்து நின்றுகொள்ள அது சரியான நேரமாக இருந்ததாம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பெண் சோம்பேறி.

இரண்டு மாதம் போயிற்று. செட்டியாரின் பாராட்டு பழசாகிவிட்டது, பணியாரமும் நின்றுவிட்டது. எனக்குக் கை அரித்தது. ஒரு மத்தியானம் அவர் வந்தபோது, யாரும் கேட்காமலே, நானாகப் போய்ச் சொன்னேன்.

"ஐயா, வரிசைக்குப் பதினோரு ஆள் வேண்டியதில்ல. பத்தே போதும். ஒருத்தி சும்மாதான் நிக்கிறா."

"அப்படியா? கெட்டிக்காரன்தான். நிறுத்திரு," என்றார் அவர்.

நேரே வேப்பமரத்தடிக்குப் போனேன். எல்லோருக்கும் முன்னால், குடையைச் சுருக்கி அவளை நோக்கி நீட்டி, "நாளையிலருந்து நீ வர வேண்டாம்," என்றேன்.

அவள் கையிலிருந்த வெறுஞ்சட்டியை மெதுவாகத் தரையில் வைத்தாள். குனியும்போது ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டாள். அடுத்து நின்றவள் தன் சட்டியை வைத்தாள். அதற்கடுத்தவள் வைத்தாள். டங், டங், டங் என்று மேல்தட்டு வரைக்கும் பதினோரு சட்டிகளும் இறங்கின. பெரியாள் பலகையில் இறங்கி வந்து என் முன்னால் நின்றாள்.

"ஏன் தம்பி, ஒங்களுக்குக் கண்ணு எதுக்கு இருக்கு?"

"சும்மா நிக்கிறவளுக்கு எதுக்கு..."

"அவளுக்கு ஏழு மாசம்."

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். சாக்குக்கு மேலே, சாக்குக்குக் கீழே, பக்கவாட்டில். தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. தாடி வைத்துக்கொண்டு தினமும் ஐந்து மாசம், ஆறு மாசம் என்று சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, பத்தடி தூரத்தில் இருந்த ஒரு வயிறு தெரியவில்லை.

"எதுக்கு வரிசைல நின்னோம்னு நெனச்சீக? ஒங்க விசிலுக்கா?" என்றாள் பெரியாள். "அவளால பலகை ஏற முடியல. தலையில வச்சா மயக்கம் வருது. அதுக்குத்தான் வரிச. அவ வயிறு தெரியக் கூடாதுன்னுதான் நாங்க அம்புட்டுப் பேரும் சாக்கக் கட்டிக்கிட்டுத் திரியிறோம். மேல இருக்க கொத்தனாருக்குத் தெரியும். வண்டிக்காரனுக்குத் தெரியும். ஒங்க ஒருத்தருக்குத்தான் தெரியாது."

பிறகு கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டு மீதியைச் சொன்னாள். அவள் புருஷன் மலாய்த் தோட்டத்துக்குப் போய் ஒன்றரை வருஷம் காணாமல் இருந்துவிட்டு, வந்து ஒரு மாதம் தங்கி, மறுபடியும் போய்விட்டான். முதல் தடவை அவன் போவதற்கு முன்னாலும் ஒரு பிள்ளை உண்டானது. அப்போது வேறொரு வீட்டுக் கட்டுமான வேலை. வயிறு தெரிந்ததும் நிறுத்திவிட்டார்கள். கடைசி மூன்று மாதம் நீராகாரத்திலேயே கிடந்தாள். பிறந்த பிள்ளை பதினாறு நாள் இருந்தது.

"ஒங்க தாடிக்கு வர்றவன் போறவனெல்லாம் மரியாத செய்யிறான். கொட குடுக்குறான், ஏறாதேங்குறான். சொமக்கிறவ சாக்குக்குள்ள ஒளிச்சு வைக்க வேண்டியிருக்கு. இது நல்லாருக்கா தம்பி? நீங்களே சொல்லுங்க."

எனக்கு அவமானத்தில் காது இரண்டும் எரிந்தன. மறுநாள் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைக்கிற பூச்சுச் சாந்து. அரைத்த அன்றே பூசாவிட்டால் அவ்வளவும் பாழ். "நாளைக்கு நாங்க நிக்கணும்னா அவளும் நிக்கணும்," என்று சொல்லிவிட்டுப் பெரியாள் தன் சட்டியை எடுத்துக் கழுவப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்தேன். மனைவி ஊருணியிலிருந்து இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு தோண்டியுமாகத் தண்ணீர் கொண்டுவந்து எனக்குக் கால் கழுவ ஊற்றினாள். நடந்ததைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"வரிசையப் பத்தி நீங்க பெருமையாச் சொன்னீகள்ல, வேப்பமரத்துக்கிட்ட ஒருத்தி வெறுஞ்சட்டி மட்டும் வாங்குறான்னு. அன்னைக்கே நெனச்சேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நிறுத்தியிருப்பீக," என்று சொல்லிவிட்டு அடுத்த நடைக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னை இவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறாளே என்று அழுகை வந்தது. அந்த அழுகையில் எழுந்துபோய்க் குடத்தை வாங்கினேனா என்றால், இல்லை. அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை.

மறுநாள் காலை செட்டியார் வந்தார். காளைகள் சாந்து அரைத்துக்கொண்டிருந்தன. பதினோரு பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று என்னைக் கேட்டார்.

"ஐயா, பதினோரு ஆளும் வேணுங்க. நேத்து நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"ஏன்?"

"ஒருத்தி மாசமா இருக்கா. அவ கீழ நிக்கிறதுக்குத்தான் வரிசையே."

அவர் என்னைப் பார்த்தார். "அப்ப அது ஒன் யோசன இல்லையா?"

"இல்லைங்க."

"அந்தச் சாக்கு?"

"அதுவும் இல்லைங்க."

"பலகாரம் மட்டும் நீ தின்ன."

"ஆமாங்க."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "மாசமா இருக்கிறவள வைக்காதேன்னு நான் சொன்னேனா இல்லையா? வீட்டுக்கு ஆகாதுல்ல?"

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. தைரியம் என்று சொல்வதே தப்பு, பயத்தில் உளறினேன்.

"அப்படிப் பாத்தா என்னையத்தாங்க மொதல்ல நிறுத்தணும். இங்க மாசமா இருக்கேன்னு நீங்களே ஒத்துக்கிட்டது என் ஒருத்தனத்தான். ஏற வேணாம், தூக்க வேணாம், நெழல்ல நில்லுன்னு என்னையச் சொன்னீக. அவளும் ஏறல, தூக்கல, நெழல்லதான் நிக்கிறா. நான் நின்னா வீட்டுக்கு ஆகும், அவ நின்னா ஆகாதாங்க?"

செட்டியார் என் தாடியைப் பார்த்தார், வாத்துத் தலைக் குடையைப் பார்த்தார். உதடு துடித்தது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அங்கவஸ்திரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். என் வாழ்நாளில் என்னைப் பார்த்து ஒருவர் சிரித்ததற்கு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

"சரி, ஒம்பது மாசம் வரைக்கும் நிக்கட்டும். பெத்துப் பொழச்சு வந்தா எடம் இருக்கும்," என்றார்.

பெரியாள் எழுந்து நின்றாள். அவர் சிரித்து முடிப்பதற்காகவே காத்திருந்தவள் மாதிரி இருந்தது. "எடம் இருக்கும்னா அதுல வேற ஆள் வந்து நிக்கப்படாதுல்ல, ஐயா? அவ கூலியும் அவளுக்கு வந்துரணும். போன தடவ கஞ்சியில்லாமத்தான் புள்ள போச்சு."

"வேலைக்கு வராதவளுக்குக் கூலியா? அப்ப அந்த எடத்துல யாரு நிக்கிறது?"

"தம்பி நிக்கட்டும்," என்று என்னைக் காட்டினாள். "சும்மாதான நிக்கிறாரு."

செட்டியாருக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. கனம் தூக்கக் கூடாதே என்று நான் தாடியைத் தடவிக்கொண்டு முனகிப் பார்த்தேன். "வெறுஞ்சட்டிதான, அது ஆகும்," என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஒன்பதாம் மாதம் அவள் வேலைக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். நான் போய் வேப்பமரத்தடியில் நின்றேன். என் இடுப்பிலும் ஒரு சாக்கைக் கட்டிவிட்டார்கள். வெறுஞ்சட்டி என்று நான் ஏளனமாக நினைத்தது, நூறாவது சட்டியில் பாறாங்கல்லாகிவிட்டது. பொழுது சாய்வதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. "பைய, பைய, மாசமா இருக்க ஆளு," என்று மேலேயிருந்து ஒருத்தி சொல்வாள், வரிசை முழுக்கச் சிரிப்பு ஏறி இறங்கும். ஏழு மாச வயிற்றோடு அவள் இதைச் செய்துகொண்டிருந்தாள், அதைப் பார்த்து நான் சோம்பேறி என்றேன். இதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு என் மேல் ஆத்திரம் வருகிறது.

வரிசையில் நின்ற முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மனைவி இடுப்பிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டு நான் ஊருணிக்குப் போனேன். திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். தூக்கினால் எப்படி வலிக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்திருந்தது. படித்துறையில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பாதித் தண்ணீரை வழியிலேயே சிந்திவிட்டேன்.

அவளுக்கும் என் மனைவிக்கும் பத்து நாள் வித்தியாசத்தில் பிள்ளை பிறந்தது. எங்களுக்குப் பெண். நான் சவரம் செய்துகொண்டு, மழுமழுவென்ற முகத்தோடு வரிசையில் நின்றேன். வார முடிவில் அந்த இடத்துக் கூலியைப் பெரியாள் வாங்கி முடிந்துகொண்டு போய் அவள் வீட்டில் கொடுத்துவிட்டு வருவாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை அவள் வந்தாள். பழைய சேலைத் துணியால் வேப்பமரக் கிளையில் தொட்டில் கட்டிப் பிள்ளையைப் போட்டாள். ஆண் பிள்ளை, கொழுகொழு என்று இருந்தான், தொண்டையும் நல்ல தொண்டை. நான் கையில் ஒரு வெறுஞ்சட்டியோடு நின்று, ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். நன்றி சொல்வாள் என்றுதான் எதிர்பார்த்தேன், உள்ளதைச் சொல்கிறேன். அதற்குப் பெருந்தன்மையாக என்ன பதில் சொல்வது என்று கூட யோசித்து வைத்திருந்தேன்.

அவள் சாக்கை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள். இத்தனை மாதத்தில் என்னோடு முதன்முதலாகப் பேசினாள்.

"தள்ளி நில்லுங்க. இது என் எடம்."

சட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.